திசைவி

கடையில் ‘ரவுட்டர்’ என்று கேட்டு வாங்குகிறோம். அதன் கலைச்சொல் திசைவி. வடமொழி வழி வந்த ‘திசை’யோடு ‘வி’ விகுதி சேர்த்து ஆக்கிய புதுச்சொல். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் ‘ருப்தா’: உடைத்துத் திறந்த வழி. எனக்குத் தமிழ்ச்சொல்லே பொருத்தமாகப் படுகிறது. திசைவிக்கு முழுவழி தெரியாது. அடுத்து எந்தப் பக்கம் என்பது மட்டுமே தெரியும்.

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணாலான முகவரி உண்டு. 17 என்ற எண்ணில் தொடங்கும் 1,67,77,216 ஐபி (IPv4) முகவரிகளும் ஆப்பிளுக்கு உரியவை. அவற்றைத் திசைவி ஒவ்வொன்றாக நினைவில் வைப்பதில்லை. ‘இந்த எண்ணில் தொடங்குவதெல்லாம் இந்தப் பக்கம்’ என்று தொகுதியாகக் குறித்துக்கொள்கிறது. அக்குறிப்புகளை வலையமைப்புகளே ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று தளப்பெயரை முகவரியாக மாற்றித்தரும் ஃபேஸ்புக்கின் பெயர்ச் சேவையகங்களுக்கான அறிவிப்புகள் அற்றுப்போயின. முகவரிகள் அப்படியே இருந்தன. திசை சொல்ல ஆளில்லை. சுமார் 6 மணி நேரம் அந்நிறுவனத்தின் வாட்ஸ்அப்பும் ஊமையாகிக் கிடந்தது.