நடுகல், சாளக்கிராமம், கல்மரம்: தொல்லுயிர் எச்சங்களைப் போற்றும் மரபு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளில் தொல்லுயிர் எச்சங்களைத் தேடுவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். இங்குள்ள நைசுப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுத் தொன்மையுடையவை. ஓடும் எலும்பும் கொண்ட உயிரினங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உருவானவை. ஆயினும் கல்லைப் போற்றும் மரபு இங்கு வலிது என்பதற்கு மல்லசந்திரத்துக் கற்திட்டைகளும் நடுகற்களும் சான்றாகும். எல்லைக்கு அப்பால் பெங்களூரு லால்பாக் குன்றின் நைசுப் பாறை, எச்சம் ஏதுமின்றியே, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பேணப்படுகிறது. கல் போற்றப்படுவதற்கு அதனுள் உயிர் இருந்திருக்க வேண்டியதில்லை. உயிர் இருந்தமையால் மட்டும் அது போற்றப்பட்டுவிடுவதுமில்லை.

பின்னதற்கு அரியலூரே சான்று. வைணவ இல்லங்களில் திருமஞ்சனம் பெறும் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம், அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் எச்சமே. அம்மோனைட்டுகள் அரியலூர், பெரம்பலூர்ப் படிவுகளிலும் உள்ளன. ஆனால் இங்கு அவை சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து சிமெண்டு ஆலைக்குச் செல்கின்றன. ஒன்றற்கு அபிடேகம், மற்றொன்றற்கு அரைவை! இத்தனைக்கும் அறிவுலகம் இப்படிவுகளை எப்போதோ அறிந்திருந்தது. 1862இல் பிளான்போர்டு இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என உள்ளூர்ப் பெயர்களாலேயே வகுத்தார். தொடர்ந்து ஸ்டோலிச்கா இவற்றின் உயிரினங்களை விரிவாக விளக்கினார். பெயர்கள் தமிழகத்தினவாயினும் நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. ஊராருக்கு அவை எட்டவில்லை.

கல்மரங்களின் நிலை வேறு. திருவக்கரைக் கல்மரங்களை 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா குறிப்பிட்டார். ஊர்வழக்கோ அவற்றை அசுரரின் எலும்புகள் என்றது. இவ்வழக்கை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. மரத்தைக் கல்லாக அன்றி, ஒருகால் உயிரோடிருந்த உடலாகக் கண்டது அது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளமுடையது. கிடந்த இடத்திலேயே அது காக்கப்படுவதால், காண்போர் மரத்தோடு அது விழுந்த நிலத்தையும் காண்கின்றனர்.

வாரணவாசி அருங்காட்சியகம் அரியலூர்ப் பகுதி எச்சங்களை மக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. எனினும் சுரங்கத்தில் வெளிப்படும் எச்சம் அங்கு வந்துசேர்வது, அதனை முதலில் காணும் தொழிலாளி அஃது இன்னதென அறிந்திருப்பதைப் பொறுத்தது. கிருஷ்ணகிரிக் கருங்கல் குவாரிகளுக்கும் இது பொருந்தும். அங்கு வெடிக்கு இலக்காவது எச்சம் அன்று, கற்திட்டையும் நடுகல்லும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகல்லின் அருகே அரியலூர் அம்மோனைட்டு ஒன்றை, அது கிடைத்த ஊரின் பெயரோடு வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று.