கோம்பை நாயும் இரு பதிவேடுகளும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. அவ்வூருக்கு மேலே மலைமுகட்டில் இடுக்கி மாவட்டத்தின் இராமக்கல்மேடு இருக்கிறது. செம்பழுப்பு உடலும் கருமுகமும் கொண்ட வேட்டை நாய் ஒன்று இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பெயர்பெற்ற அந்நாய், இன்று 'தூய இனம்' என்ற தகுதிக்காகப் பதிவேடுகளின் வாயிலில் நிற்கிறது. அத்தகுதி எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்பது வரலாற்று மாணவர்கள் கருதத்தக்க வினா.

நாய்களுக்குப் பதிவேடு வைக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859இல் முறையான முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கெனல் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டே அதன் முதல் வம்சாவளி நூல் வெளிவந்தது. ஒரே பெயருடைய பல நாய்கள் கண்காட்சிகளுக்கு வந்ததால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 1880இல் ஒவ்வொரு நாயின் பெயரையும் தனித்தனியே பதியும் முறை வந்தது. ஆக, எந்த நாய் எது என்று அடையாளம் காண்பதே பதிவின் தொடக்க நோக்கம். தந்தை, தாய், பாட்டன், பாட்டி என வரிசை நீண்டபோதுதான் அது இனத்தூய்மையின் சான்றாயிற்று.

அம்முறை ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கெனல் கிளப் அதனை நடத்துகிறது. பதிவு பெற்ற பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளைப் பிறந்த தொகுதியாகப் பதிவதும், நாயின் உடலில் நுண்சில்லு பொருத்தி அதன் எண்ணைச் சான்றிதழோடு இணைப்பதும் இன்றைய நடைமுறை. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றுக்கு இதில் சிக்கலில்லை. அவற்றின் முன்னோர் ஏற்கெனவே ஏட்டில் இருக்கின்றனர். கோம்பை நாயின் முன்னோரோ ஊராரின் நினைவில் மட்டுமே இருந்தனர். அதனால் நாட்டினங்களைப் பொறுத்தவரை, நடுவர்கள் நாயின் உருவத்தைப் பார்த்து இனத்தன்மையை ஏற்பதும், அதனை அடித்தளமாகக் கொண்டு வரும் தலைமுறைகளைப் பதிவதும் தேவையாயின. வேறு சொற்களில் கூறினால், தூய்மை என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் கண்ணால் கண்டு முடிவுசெய்யப்பட்டு, அதன்பிறகே தாளில் காக்கப்படுகிறது.

இதற்கு முன் கோம்பை நாயை வரையறுத்தது அதன் தொழில். அத்தொழிலின் அடித்தளம் சில பத்தாண்டுகளுக்குள் சரிந்தது. நாய்களைப் பேணிய ஜமீன்களின் அதிகாரம் 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தது. மலையின் மறுபுறத்தில் திருவிதாங்கூர் அரசு 1934இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைத்தடைக் காட்டை அறிவித்தது; அது 1950இல் பெரியாறு சரணாலயமாக விரிந்து, 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. காட்டைக் காக்க இவை இன்றியமையாதன. ஆயினும் வேட்டை நாய்க்கு இவற்றின் விளைவு ஒன்றே: எந்நாய் சிறந்தது என்று தேர்ந்தெடுத்துவந்த உரைகல் மறைந்தது. அந்த வெற்றிடத்தில்தான் உருவமும் சான்றிதழும் வந்தமர்ந்தன.

எல்லை வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே அன்று மாநில எல்லை கிடையாது. இடுக்கி மலைகளோ திருவிதாங்கூருக்கு உரியவை. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கிளர்ச்சி நடந்தும் அவை கேரளத்திலேயே நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கிய மக்களோடு நாய்களும் சென்றிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆனால் இன்று நாட்டினங்கள் மாநிலத்தின் பெயரோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன.

இரண்டாவது பதிவேடு அரசினுடையது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் தனி நாயைப் பதிவதில்லை. ஓர் இனத்தின் தாயகம், எண்ணிக்கை, உடற்கூறு, பயன் ஆகியவற்றை ஆய்ந்து அவ்வினத்தையே பதிகிறது. அதில் முதலில் இடம்பெற்ற நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்று. அவற்றுள் கோம்பை இல்லை. 2005இல் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளிலும் ராஜபாளையம் உண்டு, கோம்பை இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் அதன் பெயர் ஒலித்தபோது நாடு முழுவதும் குட்டிகளைத் தேடுவோர் பெருகினர். தேவை பெருகினால் கலப்பினக் குட்டியும் அப்பெயரில் விலைபோகும் என்பதே அப்புகழின் மறுபக்கம்.

பதிவேடு இதற்குத் தீர்வா? ஓரளவே. சான்றிதழ் வாங்குபவரைக் காக்கும். இனத்தைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. சில நாய்களையே அடித்தளமாகக் கொண்டு ஏட்டை மூடினால், நெருங்கிய உறவுகளுக்குள் இணைசேர்க்கை நிகழ்ந்து பிறவிக் குறைகள் பெருகும். இதை உணர்ந்தே லண்டன் கெனல் கிளப், பெற்றோர்–குட்டி, உடன்பிறப்பு இணைகளுக்குப் பிறந்தவற்றைப் பதிவதை 2009 முதல் நிறுத்தியது. நூற்றைம்பது ஆண்டுப் பட்டறிவைப் பெற்ற நிறுவனமே தன் விதியைத் திருத்தியிருக்க, இப்போதுதான் எழுதத் தொடங்கப்பட்டுள்ள கோம்பையின் ஏடு அதே பிழையோடு தொடங்கவேண்டியதில்லை.

ஆகவே முதலில் நடைபெறவேண்டியது தொகைக் கணக்கெடுப்பு. கோம்பை, தேவாரம், போடி ஊர்களோடு மலைக்கு மேலுள்ள நெடுங்கண்டம், குமுளிப் பகுதிகளையும் அது உள்ளடக்கவேண்டும். மாடு மேய்ப்போரிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் உள்ள சான்றிதழற்ற நாய்கள் அதில் எண்ணப்படவேண்டும். கெனல் கிளப்பின் ஏடு தனி நாயின் முன்னோரைச் சொல்லும். அரசின் ஏடு இனத்தின் வாழிடத்தைச் சொல்லும். முன்னதை மட்டும் நிரப்பிப் பின்னதை வெறுமையாய் விட்டால், எஞ்சுவது தாளில் தூய்மையான, ஊரில் இல்லாத ஓர் இனமாகவே இருக்கும்.