புகாரின் பொதியும் மதுரையின் சிலம்பும்

சில ஆண்டுகளுக்கு முன் சிலப்பதிகார வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்து. "ஐயா, அந்தச் சிலம்பைக் கோவலன் புகாரிலேயே விற்றிருக்கலாமே? கடை இல்லாத ஊரா அது?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஊழ்வினை என்னும் ஆயத்த விடையைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்தோம். ஆனால் அந்த வினா நம்மை விட்டு நகரவில்லை. அது கோவலனைப் பற்றிய வினா மட்டுமன்று, இரண்டு நகரங்களைப் பற்றிய வினாவும் ஆகும் என்பது பிற்பாடுதான் நமக்குப் புலப்பட்டது.

காவிரிப்பூம்பட்டினமும் மதுரையும் பகைநாடுகளின் தலைமை நகரங்கள். பட்டினப்பாலை கரிகாலனைப் பாடுகிறது. அவன் வெண்ணிப் போரில் பாண்டியனையும் சேரனையும் வென்றவன். மதுரைக்காஞ்சி நெடுஞ்செழியனைப் பாடுகிறது. அவன் தலையாலங்கானத்தில் சோழனையும் சேரனையும் வேளிர் ஐவரையும் வென்றவன். 301 அடிகளில் உருத்திரங்கண்ணனார் எழுப்பிய நகரையும், 782 அடிகளில் மாங்குடி மருதனார் எழுப்பிய நகரையும் அருகருகே வைத்துப் படிப்போர், இரண்டும் வென்றவன் அவையில் பாடப்பட்டவை என்பதை மறத்தல் கூடாது. சிலப்பதிகாரமோ பிற்பட்ட நூல். அதன் காலம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் அதன் ஆசிரியரை மரபு ஒரு சேர நாட்டவராகவே காண்கிறது. இரு நகரங்களையும் ஒரே கண்ணால் அளந்து பார்க்க மூன்றாம் நாட்டார் ஒருவர் வேண்டியிருந்தார் போலும்.

இவை வெறும் கவிக்கற்பனை நகரங்களும் அல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க அறிஞர் 'கபேரிஸ்' என்று ஒரு துறைமுகச் சந்தையையும், 'மொதுரா' என்று பாண்டியரின் அரச நகரையும் குறித்துள்ளார். ஒன்று சந்தை, மற்றது அரசிருக்கை. வெளியார் கண்ணுக்கே இவ்வேறுபாடு தெரிந்திருக்கிறது.

கடலை நோக்கிய அங்காடி

புகார் இரண்டு பாக்கங்களால் ஆனது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். அங்கே பண்டசாலைகள், யவனர் இருக்கைகள், கலம் ஏறி வந்த அயல்மொழியாளர் குடியிருப்புகள். சுண்ணமும் சாந்தமும் விற்போர், பட்டு நெய்வோர், அப்பம் சுடுவோர், உப்பும் மீனும் விற்போர், கன்னார், தச்சர், பொற்கொல்லர் என ஒரே நெரிசல். அதற்கு மேற்கே பட்டினப்பாக்கம். அரச வீதியும் தேர் வீதியும் பெருவணிகர் மாடங்களும் அங்கே. இவ்விரண்டுக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி. இரு பெருவேந்தர் படைகளுக்கு இடைப்பட்ட போர்க்களம் போன்றது அந்த இடம் என்று காப்பியம் உவமை சொல்கிறது. ஆனால் அக்களத்தில் எழுவது விற்போர் குரலும் வாங்குவோர் குரலுமே.

பட்டினப்பாலை காட்டும் துறைமுகமும் இத்தகையதே. நீர்வழியே குதிரை வருகிறது. நிலவழியே மிளகு மூடை வருகிறது. வடமலைப் பொன்னும் மேற்குமலைச் சந்தனமும் தென்கடல் முத்தும் கீழ்க்கடல் பவளமும் கங்கைப் பொருளும் ஈழத்து உணவும் வந்து குவிகின்றன. சுங்கம் கொள்வோர் ஓய்வின்றி உழைத்துப் புலிச்சின்னம் பொறிக்கிறார்கள். வணிகர் கொள்ளும்போது மிகுதி கொள்வதில்லை, கொடுக்கும்போது குறைப்பதில்லை. பல மொழி பேசுவோர் கலந்து இனிது வாழ்கிறார்கள். ஒரு துறைமுகம் தன்னைப் பற்றிப் பிறர் என்ன நம்ப வேண்டும் என்று விரும்புமோ, அதையே புலவர் பாடியிருக்கிறார் எனலாம்.

இவற்றுள் நம்மை நிறுத்தி வைப்பது சிலப்பதிகாரம் சொல்லும் வெள்ளிடை மன்றம். புகாரின் ஐவகை மன்றங்களுள் அது ஒன்று. புதிதாக வந்த அயலூர் வணிகர் தம் பெயரையும் அளவையும் எழுதி அடையாளமிட்ட பொதிகள் அங்கே திறந்தவெளியில் கிடக்கின்றன. கதவில்லை, பூட்டில்லை, காவலரும் இல்லை. எவனேனும் திருடினால் அப்பொதியைச் சுமந்தபடி கழுத்து நோக அவன் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான், வெளியேற முடியாது. இது நம்பிக்கையில் பிறந்த கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நகரம் தன்னைப் பற்றி எத்தகைய கதையைச் சொல்லிக்கொள்கிறது என்பதும் வரலாறே. அந்நியன் இல்லாமல் புகாருக்குப் பிழைப்பில்லை. ஆகவே, உடையவனை யாரும் அறியாவிட்டாலும் அவன் பெயர் எழுதிய பொதி காக்கப்படும் என்பதை அந்நகரம் தன் முதல் அறமாக வைத்துக்கொண்டது.

மதிலுக்குள் அங்காடி

மதுரை உள்நாட்டு நகரம். ஆழ்ந்த அகழி, உயர்ந்த மதில், வையை ஆற்றைப் போல் மக்கள் ஓயாது வழங்கும் வாயில். மாங்குடி மருதனார் அந்நகரின் முழுநாளையும் நமக்குக் காட்டுகிறார். ஆறு கிடந்தாற்போன்ற அகன்ற தெருக்கள், பலவகைக் கொடிகள், பூவும் வெற்றிலையும் சுண்ணாம்பும் விற்போர், சங்கறுப்போர், மணி துளைப்போர், பொன் உரைத்துப் பார்ப்போர். மாலையில் பௌத்தப் பள்ளியும் சமணப் பள்ளியும் அந்தணர் பள்ளியும் வழிபாட்டில் ஆழ்கின்றன. அறங்கூறும் அவையம் ஒருபால் சார்பின்றி வீற்றிருக்கிறது. பின்பு அல்லங்காடி, கூடு திரும்பும் பறவைகளின் ஆரவாரத்தோடு. இரண்டாம் யாமத்தில் கடைகள் அடைகின்றன. மூன்றாம் யாமத்தில் நூலேணியோடு கள்வர் புறப்படுகிறார்கள்; அவர்கள் வித்தை அனைத்தும் கற்ற ஊர்காவலர் அவர்களைத் தேடுகிறார்கள். தமிழில் ஒரு நகரத்தின் இரவை இவ்வளவு பொறுமையாக விழித்திருந்து பார்த்த புலவர் வேறொருவர் உண்டா என்பது ஐயமே. மதுரையைத் தூங்கா நகரம் என்று இன்று நாம் சொல்லும்போது அல்லங்காடியின் எதிரொலியும் அதில் கேட்கிறது.

ஊர்காண் காதையில் இதே மதுரையைக் கோவலன் கண்களால் காண்கிறோம். மணிக்கு ஒரு வீதி. பொன்னுக்கு ஒரு வீதி, அங்கே இன்ன பொன் இன்ன கடையில் என்று அறிவிக்கும் கொடிகள். துணிக்கு ஒரு வீதி. தராசும் மரக்காலுமாகத் தரகர் திரியும் கூல வீதி. அனைத்தும் வகுக்கப்பட்டுள்ளன, எதற்கும் ஓர் இடம் உண்டு. புகாரின் நெரிசலுக்கு நேர்மாறான ஒழுங்கு இது.

ஒரு சிறு குறிப்பை இங்கே தவறவிடக் கூடாது. புகாரில் யவனர் குடியிருப்போர். மதுரையில் அவர்கள் வாளேந்திய வாயிற்காவலர். கடல் கடந்து வந்த அதே அந்நியரை ஒரு நகரம் அண்டை வீட்டாராக்கிக்கொண்டது, மற்றொன்று காவல் பணியில் அமர்த்திக்கொண்டது. அந்தக் காவலருக்கு ஐயம் எழாதபடி கோவலன் உள்ளே நுழைந்தான் என்கிறது காப்பியம். அன்று வாயிலில் எழாத ஐயம் பின்னர் அரண்மனையில் எழுந்தது.

அடையாளம் எங்கே இருந்தது?

இப்போது மாணவியின் வினாவுக்கு வருவோம். கோவலன் ஏன் புகாரில் விற்கவில்லை? குலத்தார் குன்றெனக் குவித்த செல்வத்தைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருகிறது என்று அவனே கண்ணகியிடம் கூறுகிறான். புகாரில் அவனை அறியாதார் இல்லை. மாசாத்துவான் மகன் மனைவியின் காற்சிலம்பை விற்க வந்தான் என்ற செய்தி, கடை ஏறுமுன்பே ஊர் ஏறியிருக்கும். அயலான் பொதியைக் காத்த நகரத்தால் தன் மகனின் நாணத்தைக் காக்க இயலவில்லை. அறிந்தவர் நடுவே விற்க நாணி, அறியாதவர் நடுவே விற்கச் சென்றான். அறியாதவர் நடுவே அவனுக்காகச் சொல்ல ஒரு நாவும் இல்லை.

மதுரை வணிகரைக் கண்டு தன் நிலையை உணர்த்தவே அவன் எண்ணியிருந்தான். ஆனால் சிலம்போடு சென்ற நாளில் அவன் எதிர்ப்பட்டது அரண்மனைப் பொற்கொல்லனை. அதன்பின் நடந்தவை அனைவரும் அறிந்தவை. காவலருள் சிலர் இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்று தயங்கினர். களவுநூல் பேசி அத்தயக்கத்தைக் கலைத்தான் பொற்கொல்லன். ஒரு முரடனின் வாள் வழக்கை முடித்தது. மாங்குடி மருதனார் போற்றிய அறங்கூறவையம் அன்று கூடவே இல்லை. நகரின் நிறுவனங்கள் அனைத்தும் இருந்த இடத்தில் இருந்தன, ஒன்றும் இயங்கவில்லை.

புகாரின் பொதியில் அடையாளம் புறத்தே எழுதப்பட்டிருந்தது. கண்ணகியின் சிலம்பில் அது உள்ளே இருந்தது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எம்முடையது முத்து என்கிறான் அரசன். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடியை அந்நகரம் அந்நியனுக்குத் தரவில்லை, அவன் இறந்த பிறகு அவன் மனைவிக்கே தந்தது. வழக்குரைக்கும்போது கண்ணகி முதலில் சொல்வது தன் பெயரை அன்று, தன் ஊரை. புறாவுக்காகத் தன்னை அறுத்தவனும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் பதி என்கிறாள். இரு நகரங்களின் பகை போர்க்களத்தில் அன்றி அறத்தின் முன் தீர்க்கப்படும் இடம் அது. பாண்டியனும் அதை ஏற்று உயிர் துறந்தான் என்பது மதுரைக்குப் பெருமையே.

ஆனால் காப்பியம் அங்கே முடியவில்லை. கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது வஞ்சிக்காண்டம். ஒருவன் பொய்க்கு ஆயிரவர். ஆராயாமல் ஒருவனைக் கள்வன் என்ற அதே பிழைதான் இது, ஆயிரம் மடங்காகப் பெருகி. கண்ணகிக்கு அழுத நாம் இந்த ஆயிரவரைப் பற்றி வகுப்பில் இரண்டு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

எஞ்சியவை

இலக்கியத்தில் எரிந்தது மதுரை. மணிமேகலையில் கடல்கொண்டது புகார். காலம் ஒன்றைத் திரும்பக் கொடுத்தது, மற்றதைக் கொடுக்கவில்லை. ஆற்று முகத்தையும் அயல் வாணிகத்தையும் நம்பிய நகரம் அவை மாறியதும் தளர்ந்தது. சோழர் பேரரசு எழுந்தபோது நாகப்பட்டினம் முன்னே வந்துவிட்டது. வயலும் கைத்தொழிலும் கோயிலும் சூழ்ந்த நகரம், ஆண்டவர் மாறினும் தன் வீதிகளை மீண்டும் வகுத்துக்கொண்டது. இன்றைய மதுரை வீதிகள் நாயக்கர் காலத்தில் உருப்பெற்றவை. ஆயினும் தெற்காவணி மூல வீதியின் நகைக்கடைகளையும் கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளையும் கடக்கும்போது, பொன்னுக்கொரு தெரு, கூலத்துக்கொரு தெரு என்ற பழைய ஒழுங்கு நினைவில் வந்தே தீரும்.

புகாரில் 1960-களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல் படகுத்துறை ஒன்றும் பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரம் ஒன்றும் வெளிப்பட்டன. 1973-இல் அங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. மாணவரோடு சென்றபோது நாம் கண்டது ஒரு மீனவ ஊர், வெயிலில் காயும் வலைகள், அலை. மதுரைக்கு அருகே கீழடியில் கிடைத்த பானையோடுகளிலோ 'ஆதன்' போன்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. தன் பொருள்மேல் தன் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் வையைக் கரையிலும் இருந்தது. அடையாளத்தைப் படிக்கத் தெரியாத நாடல்ல பாண்டிநாடு; அன்று படிக்க முனையவில்லை, அவ்வளவே.

பகையைப் பற்றி ஒரு கடைசிச் செய்தி. 1216-இல் அரியணை ஏறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். அவன் தூண் ஒன்றும் நில்லாதபடி அழித்த நாட்டில், பட்டினப்பாலைக்குப் பரிசாக அளிக்கப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்று கூறுகிறது. பகைவன் நகரைப் புகழ்ந்த பாட்டு என்று தெரிந்தும் அவன் கை தயங்கியிருக்கிறது. கோவலனுக்குக் கிடைக்காத அந்த ஒரு நொடித் தயக்கம், ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு மண்டபத்துக்குக் கிடைத்தது.

அம்மாணவி இன்று எங்கோ ஆசிரியையாக இருக்கிறார் என அறிகிறோம். அவர் வகுப்பிலும் யாரேனும் அதே வினாவைக் கேட்கக்கூடும். ஊழ்வினை என்று சொல்லி அவர் அடுத்த அடிக்கு நகரமாட்டார் என நம்புகிறோம்.