எழுத்தில்லாப் படமும் குரலில்லா எழுத்தும்: இந்திய நூலகங்களில் மழலையர் எழுத்தறிவு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

2023 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்ட உரையில், சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்குமான தேசிய டிஜிட்டல் நூலகம் ஒன்று அமைக்கப்படும் என்ற அறிவிப்பு இடம்பெற்றது. அந்நூலகத்தின் வளங்களைப் பயன்படுத்துவதற்காக ஊராட்சி, வார்டு அளவில் நேரடி நூலகங்களை அமைக்க மாநிலங்கள் ஊக்குவிக்கப்படும் என்றும் அவ்வுரை கூறியது. பின்னர் நேஷனல் புக் டிரஸ்டின் பொறுப்பில் தொடங்கப்பட்ட 'ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா' தளம், நூல்களை வயதுவாரியாக நான்காகப் பகுத்துள்ளது. முதல் பகுப்பு 3 முதல் 8 வயது வரை.

மொழியியல் மாணவர் எவரும் இந்த முதல் பகுப்பின் முன் சற்று நின்று யோசிக்க நேரும். மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து என்பது தாளில் கிடக்கும் கோடு. எட்டு வயதுக் குழந்தைக்கோ அது ஒலி, சொல், பொருள் ஆகிய மூன்றும் கலந்த ஒன்று. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவுதான் தொடக்கநிலை எழுத்தறிவு. அத்தொலைவைக் கடப்பதற்கு நூலகமும் அதனுள் வரும் புதிய ஊடகமும் எவ்வாறு உதவும் என்பது இன்றைய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டில் இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப நேர்ந்த ஒரு பிழையைச் சுட்டுவதே இப்பதிவின் நோக்கம்.

தொடக்கம் பரோடா. மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனை முறையில் கொண்டுவந்து, 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர்கள் வெளியேறிய சில ஆண்டுகளில் அதை மறந்துவிடலாகாது என்ற கவலையே அவரை நூலகத்தின் பக்கம் திருப்பியது. 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் அலன்சன் போர்டன் பரோடாவுக்கு அழைக்கப்பட்டார். மைய நூலகம், ஊர்தோறும் கிளைகள், மரப்பெட்டிகளில் சுற்றிவரும் பயண நூலகங்கள் என ஒரு முழு அமைப்பு அடுத்தடுத்து உருவாயிற்று. சிறுவர்க்கெனத் தனிப் பிரிவும் அமைந்தது.

அந்த நூலகத் துறையின் ஓர் அங்கமாகக் 'காட்சிவழிக் கல்விப் பிரிவு' ஒன்றும் இயங்கியது என்பது நம் பொருளுக்கு முக்கியமானது. மாய விளக்குப் படங்கள், ஸ்டீரியோஸ்கோப் படங்கள், சினிமாட்டோகிராப் ஆகியவற்றை ஊர்களுக்குக் கொண்டுசென்று கட்டணமின்றிக் காட்டுவது அதன் பணி. அக்காலத்துப் புதிய ஊடகத்தைப் பொது நூலகம் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட இச்செயல், இந்தியாவில் அதற்குமுன் கண்டிராத துணிவு. ஆயினும் அப்பிரிவு யாருக்காக என்று பார்த்தால் ஒன்று விளங்கும்: அது படிக்கத் தெரியாதவர்க்கானது. படிக்கத் தெரிந்தவர்க்கு நூற்பெட்டி, தெரியாதவர்க்குப் படக்காட்சி என்று பாதை இரண்டாகப் பிரிந்தது. படம் எழுத்துக்கு ஈடாக நின்றது. எழுத்துக்கு இட்டுச்செல்லும் வழியாக அது எண்ணப்படவில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கு அக்காலத் திரையரங்குகளே சான்று. ஊமைப்படங்களின் காட்சிகளுக்கிடையே எழுத்தட்டைகள் தோன்றும். கூட்டத்தில் படிக்க வல்லவர் அவற்றை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுப் புரிந்துகொள்வர். படம், எழுத்து, குரல் மூன்றும் ஒரே நொடியில் ஒரே திரையின் முன் கூடிய அந்த நிகழ்வு, எழுத்தறிவு நோக்கில் மிக வளமானது. பேசும்படம் வந்ததும் எழுத்தட்டைகள் மறைந்தன. அந்தக் கூட்டணி கலைந்ததை அப்போது ஓர் இழப்பாக எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப்பின் இக்கதை டெல்லிக்கு நகர்கிறது. யுனெஸ்கோவும் இந்திய அரசும் இணைந்து நிறுவிய டெல்லி பொது நூலகத்தை 1951 அக்டோபர் 27 அன்று ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார். ஆசியாவுக்கே முன்மாதிரியாக எண்ணப்பட்ட இந்நூலகத்தில் சிறுவர் பிரிவும் இருந்தது. திரைப்படக் காட்சி, சொற்பொழிவு, நாடகம் ஆகியவற்றை நடத்தும் சமூகக் கல்விப் பிரிவும் இருந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் பரோடாவின் பிரிவினை தொடர்ந்தது. புத்தகம் எடுக்கும் சிறுவர் ஏற்கெனவே படிக்கக் கற்றவர். படம் பார்ப்போர் பெரும்பாலும் வயதுவந்தோர். இன்னும் படிக்கத் தொடங்காத மழலைக்கு இவ்விரு பிரிவிலும் இடமில்லை.

இதை நூலகர்களின் குறையாகக் கொள்வது நேர்மையாகாது. படிக்கத் தெரியாத குழந்தையும் ஒரு வாசகரே என்ற கருத்து அன்று உலகில் எங்கும் வேரூன்றவில்லை. நியூசிலாந்தின் மேரி கிளே 1966இல் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்துதான், 'முகிழ்க்கும் எழுத்தறிவு' என்று இன்று நாம் வழங்கும் கருத்து துலங்கத் தொடங்கியது. புத்தகத்தைச் சரியாகப் பிடிப்பது, பக்கத்தைப் புரட்டுவது, கதை சொல்பவரின் விரல் செல்லும் திசையைக் கண்ணால் தொடர்வது ஆகிய யாவும் படிப்பின் பகுதிகளே என்பது அதன் சாரம். யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1994ஆம் ஆண்டு வடிவத்தில், இளவயதிலேயே குழந்தைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை உருவாக்குவதை நூலகப் பணிகளின் பட்டியலில் முதலாவதாக வைத்தது.

இந்தியாவில் மழலையின் இடம் வேறொரு வகையில் தீர்மானிக்கப்பட்டது. 1975 இதற்கு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஆகஸ்டு 1 அன்று, ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. 'சைட்' எனப்பட்ட அந்த ஓராண்டுச் சோதனையில், நாள்தோறும் காலையில் ஒவ்வொரு மொழிக்கும் இருபத்திரண்டரை நிமிடம் என இந்தி, கன்னடம், தெலுங்கு, ஒடியா ஆகிய நான்கு மொழிகளில் 5 முதல் 12 வயதுச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அங்கன்வாடியின் பொறுப்பில் வந்தனர். திரை பள்ளிச் சிறுவரைச் சேர்ந்தது. மழலை ஊட்டச்சத்தைச் சேர்ந்தது. புத்தகம் நூலகத்தைச் சேர்ந்தது. ஒரே குழந்தையை மூன்று துறைகள் பங்கிட்டுக்கொண்டன. அப்பங்கீட்டின் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம்.

படமும் குரலும் எழுத்தும் மீண்டும் ஒன்றுசேர்ந்தது நூலகத்துக்கு வெளியே. பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த எண்ணம் மிக எளியது: தொலைக்காட்சியில் வரும் திரைப்பாடலின் வரிகளைப் பாடலின் அதே மொழியில் திரையின் அடியில் காட்டுவது; பாடப்படும் சொல் அந்தந்த நொடியில் நிறம் மாறுவது. 1999இல் அகமதாபாத் தூர்தர்ஷனின் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியில் அது நடைமுறைக்கு வந்து, பின்னர் இந்தியிலும் பிற மொழிகளிலும் பரவியது. பாடலைக் கேட்பவர்க்கு வரி ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து வரும் சொல் இன்னதென்று காது அறியும்; அதைக் கண் சரிபார்த்துக்கொள்கிறது. படிக்கிறோம் என்ற முயற்சியே இல்லாமல் படிப்பு நிகழ்கிறது.

இம்முறை இந்திய எழுத்துகளுக்கு ஏன் குறிப்பாகப் பொருந்தும் என்பதை மொழியியல் விளக்கும். உரோமன் எழுத்தைக் கற்கும் குழந்தைக்கு 26 வடிவங்கள்; தமிழ்க் குழந்தையின் முன் நிற்பவை 247. இவ்வெண்ணிக்கை அச்சுறுத்துவதுபோல் இருந்தாலும் பெரும்பகுதி உயிரும் மெய்யும் கூடிய சேர்க்கையே. எனினும் அச்சேர்க்கை ஒலிவரிசைப்படி கண்ணுக்குத் தெரிவதில்லை. 'கெ' என்பதில் ககர மெய் முன்னே ஒலிக்கிறது. எகரக் குறியோ இடப்புறம் முந்தி நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. தேவநாகரியின் குறில் இகரக் குறியும் இவ்வாறே மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது. கணினிக்குள் ஒருங்குறி இவற்றை ஒலிவரிசைப்படியே சேமிக்கிறது. குழந்தை காண்பதோ வடிவ வரிசையை. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறையைக் கற்பது தொடக்கப்பள்ளியின் பல வகுப்புகளுக்கு நீள்வதைக் காட்டியது. எனவே ஒலிக்கும் நொடியில் முழு எழுத்தையும் முழுச் சொல்லையும் சேர்த்து ஒளிரச் செய்யும் திரை, தனித்தனிக் குறிகளை ஒளிரச் செய்யும் திரையைவிடப் பயன் மிக்கது. நன்கு வடிவமைக்கப்பட்ட எண்ணிம ஊடகம் தாளால் இயலாத ஒன்றை இங்கே செய்கிறது. தாளில் அதைச் செய்ய ஒரு பெரியவரின் விரல் வேண்டும்.

அந்த விரல் எல்லா வீட்டிலும் இல்லை என்பதுதான் இதில் மையமான சிக்கல். தாயும் தந்தையும் எழுத்தறியாத வீட்டில், அல்லது வீட்டு மொழி ஒன்றாகவும் எழுத்து மொழி வேறாகவும் உள்ள வீட்டில், மழலைக்கு எழுத்தைக் குரலோடு சேர்த்துக் காட்டுவோர் யார்? 2004இல் தொடங்கப்பட்ட புக்பாக்ஸ், கோத்தாரியின் முறையை அசைவூட்டக் கதைகளில் பயன்படுத்தியது. பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம், திறந்த உரிமத்தில் பல இந்திய மொழிக் கதைகளை எவரும் இலவசமாக எடுத்தாள வழிசெய்தது. குரலோடு சொற்கள் ஒளிரும் கதைகளும் அதில் உண்டு. 2020 ஊரடங்கின்போது டெல்லியின் 'கம்யூனிட்டி லைப்ரரி புராஜெக்ட்' அமைப்பு 'துனியா சப்கி' என்னும் பெயரில் கதைகளை உரக்கப் படித்துக் கைப்பேசி வழியாக உறுப்பினர்களுக்குக் கொண்டுசேர்த்தது. இவற்றுள் கடைசியில் சொன்னது சிறிய முயற்சியெனினும் வரலாற்று நோக்கில் தனித்துக் குறிக்கத்தக்கது. அங்கே ஊடகத்தின் மறுமுனையில் இருந்தது, குழந்தைகள் முன்பே அறிந்த நூலகத்தின் குரல்.

இப்போது தொடக்கத்துக்குத் திரும்புவோம். இன்று பல டிஜிட்டல் நூலகங்களில் மழலைக்கென வைக்கப்படுபவை பெரும்பாலும் அச்சுப் பக்கத்தின் மின்படிகள். எட்டு வயதுச் சிறுமி அவற்றைத் தானே படித்துவிடுவாள். மூன்று வயதுக் குழந்தைக்கு அது குரலில்லா எழுத்து. பரோடா எழுத்தில்லாப் படத்தைத் தந்தது. நாம் அதன் மறுதலையைத் தருகிறோம். இரண்டிலும் விடுபடுவது ஒன்றே: ஒலியையும் எழுத்தையும் குழந்தையின் கண்முன் இணைத்துக் காட்டும் அந்த நொடி.

ஆகவே நூலகத்துக்குக் கைக்கணினி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் பயனற்றது எனக் கருதுகிறேன். கேட்கவேண்டியவை வேறு. அக்கருவியில் உள்ள கதை குழந்தையின் மொழியில் பேசுகிறதா, பேசும் சொல்லையே எழுத்தில் காட்டுகிறதா? அதன் அருகே அமர்ந்து, நிறுத்தி, கேள்வி கேட்டு, அதே கதையின் அச்சுப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்க ஒரு நூலகர் இருக்கிறாரா? அங்கன்வாடிக் குழந்தைகள் வாரம் ஒருமுறையேனும் அந்நூலகத்துக்குள் வர இரு துறைகளும் சேர்ந்து வழிசெய்துள்ளனவா? மூன்றாவது கேள்விக்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. 1975இல் பிரிந்துபோன கோப்புகள் இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் போதும்.

'சைட்' சோதனை ஓராண்டில் முடிந்து செயற்கைக்கோள் அகன்றபோது, அதை நம்பியிருந்த திரைகள் பலவும் வெறுமையாயின. கருவியை மட்டும் நம்பிய திட்டங்களுக்கு அதுவே முடிவு. பரோடாவின் மரப்பெட்டியைத் திறந்து புத்தகம் எடுத்துத் தர ஊரில் ஒருவர் இருந்தார். நாளைய கைக்கணினிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். நூலக அறிவியலிலும் மழலைக் கல்வியிலும் ஆய்வு செய்யும் நண்பர்கள் தத்தம் மாவட்டத்து நூலகங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற ஒற்றைக் கணக்கையேனும் எடுக்கத் தொடங்கினால் நன்று. அக்கணக்கை எடுத்த பிறகு, எத்தனை கருவிகள் வேண்டும் என்று பேசலாம்.