சபர் வந்த பறவைகள்

எங்கள் காலத்தில் காயல்பட்டினத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்கு சபர் என்பது எழுதி வைத்த விதி. மீசை அரும்பியதும் கொழும்புக்குக் கப்பலேறுவான். வருஷக்கணக்கில் கடையில் நிற்பான். சில மாதங்கள் ஊருக்கு வந்து தங்கிவிட்டுத் திரும்பவும் போவான். என் வாப்பாவும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

அவர்கள் ஊரில் இருந்த ஒரு மார்கழி. எனக்குப் பத்து வயது இருக்கும். ஆறுமுகனேரிப் பக்கம் உப்பளத்து ஓரத்தில் நானும் கூட்டாளிகளும் கண்ணி வைத்து ஓர் உள்ளானைப் பிடித்தோம். கையளவுப் பறவை. உம்மாவிடம் கொடுத்துப் பொரித்துத் தின்னலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊருப் பறவை இல்லை வாப்பா. நம்மளப் போல சபராளி. பொழப்புக்கு வந்திருக்கு, காலம் வந்தா ஊருக்குப் போகணும்லா" என்றார்கள். என்னை அழைத்துக்கொண்டு உப்பளத்துக்குத் திரும்ப நடந்து, என் கையாலேயே விடச் சொன்னார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது. நண்பர் ஒருவர் நாங்குநேரி வட்டத்தில் மூலைக்கரைப்பட்டிக்கு அருகே உள்ள கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனார். தை மாதக் காலை. குளத்தின் நடுவே சாம்பல் நிற வாத்துக் கூட்டம். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள். வரித்தலை வாத்து என்றார் நண்பர். மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இனம். குளிருக்குப் பயந்து இமயமலையையே தாண்டித் தெற்கே வருகிறது. மங்கோலியாவில் கழுத்து வளையம் மாட்டிவிட்ட வாத்துகளைத் தமிழ்நாட்டுக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள்.

அன்று என்னை வாத்தைவிட அதிகம் வியக்க வைத்தது அந்த ஊர்தான். தெருவில் நிற்கும் மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. கீழே எச்சமும் மீன் நாற்றமும். ஆனாலும் யாரும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-ல்தான். ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-ல் வந்தது. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்து ஊர். 1971-ல் அங்கே பல நாடுகள் கூடி நீர்நிலைகளைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. இவை எல்லாவற்றுக்கும் முன்பே கூந்தன்குளத்துக்காரர்கள் தங்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள்.

வேடந்தாங்கல் கதையும் இதே மாதிரிதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். சட்டம் பின்னால் வந்தது. வழக்கம்தான் முதலில் இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை எதுவும் காட்டுக் குளங்கள் அல்ல. நெல்லுக்காக மனிதன் கரை கட்டித் தேக்கிய நீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளம் தை மாதத்தில் மெல்ல வற்றத் தொடங்கும். அந்தச் சேற்றில்தான் பறவைக்கு உணவு. நம் பக்கத்தில் தாமிரபரணி அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தண்ணீர் பெறும் குளங்களும் அப்படியே. தூத்துக்குடி உப்பளங்களில் பூநாரைகள் வந்து நிற்பதும், உப்பு நீரில் வளரும் சிற்றுயிர்களைத் தின்னத்தான். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்த உணவால் வருவது.

காயல் என்ற பெயரே கடலோரத்து நீர்நிலையைக் குறிப்பது. மார்க்கோ போலோ எழுதிய துறைமுகம் பழையகாயலா, நம் ஊரா என்று இன்றும் வழக்காடுகிறோம். எதுவானாலும் ஆற்றுமுகத்து வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. கப்பல் வேறு துறை தேடிப் போனது. கப்பல் விட்டுப்போன சேற்றிலும் சதுப்பிலும் பறவை தொடர்ந்து வந்தது.

2023 டிசம்பரில் நம் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அன்று மொட்டை மாடியில் நின்றபோது ஒன்று தோன்றியது. ஓடையையும் குளத்தையும் தூர்த்து, குப்பை கொட்டி, நீர் தங்கும் இடத்தையெல்லாம் நாம் சுருக்கிவிட்டோம். இடம் கிடைக்காத தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. இடம் கிடைக்காத பறவை வராமலே போகும்.

2011 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இளைஞர்களும் மாணவர்களும் காலையில் கரையில் நின்று எண்ணுகிறார்கள். எங்கள் வயதுக்காரர்களும் உடன் போகலாம். எந்தக் குளத்தில் முன்பு எந்தப் பறவை வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நாம்தானே.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பிழைப்புத் தேடி மதுரைக்குப் போய்க் குளிரில் வாடிய மனிதர், வடக்கே திரும்பும் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். அந்த நாரையின் அலகுக்கு அவர் சொன்ன உவமை நம் ஊர்ப் பனங்கிழங்கு. கொழும்புக் கடிதத்துக்காக வாசலில் காத்திருந்த உம்மாமார்களுக்கு அந்தப் பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நான் விட்ட உள்ளான் ஊர் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. வாப்பா அடுத்த மாதமே கப்பலேறிவிட்டார்கள். இப்போதும் மார்கழியில் உப்பளத்துப் பக்கம் போனால், சேற்றில் ஓடும் அந்தச் சின்னக் கால்களைத்தான் முதலில் தேடுகிறேன்.