மேடு பள்ளமாகவே இருக்கட்டும்

1934 ஜனவரியில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், உட்ஸ்டாக் என்ற சிற்றூருக்கு வெளியே கிளின்டன் கில்பர்ட் என்பவரின் மேய்ச்சல் நிலத்தில் நீளமான கயிறு ஒன்றை வளையமாகக் கட்டினார்கள். அதைச் சுற்றவைத்தது ஒரு ஃபோர்ட் மாடல் டி எஞ்சின். காலில் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, ஓடுகிற கயிற்றைக் கெட்டியாகப் பிடித்தால் போதும், மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதுவரை பனிச்சறுக்கு என்றால் மூச்சிரைக்க ஏறி, சில நிமிடங்களில் இறங்கிவிடுவது. ஏறியே நாள் போகிறது என்று நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள் புலம்ப, அந்த ஊரில் விடுதி நடத்திய ராய்ஸ் தம்பதி இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். யோசனை அவர்களுடையது இல்லை. கனடாவின் கியூபெக்கில், ஷாபிரிட்ஜ் என்ற இடத்தில் அலெக்ஸ் ஃபாஸ்டர் என்பவர் ஏற்கெனவே செய்து காட்டியதுதான்.

அமெரிக்காவின் முதல் கயிற்று இழுவை இது. ஒரு மாட்டுப் பண்ணை, ஒரு கார் எஞ்சின், கொஞ்சம் கயிறு. இவ்வளவுதான் முதலீடு என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அடுத்த முப்பது வருடங்களில் நியூ இங்கிலாந்து முழுவதும் சின்னச் சின்னச் சறுக்குமேடுகள் முளைத்தன. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று, தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒன்று, விவசாயியின் கொல்லையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடப்பார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஜெரமி டேவிஸ் 1998-இல் ஆரம்பித்த ‘நியூ இங்கிலாந்து லாஸ்ட் ஸ்கீ ஏரியாஸ் ப்ராஜெக்ட்’ மூடப்பட்ட மேடுகளைப் பட்டியலிடுகிறது. நியூ இங்கிலாந்தில் மட்டும் எண்ணிக்கை 600-ஐத் தாண்டும். காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் சக்கரமும், மரங்கள் நெருங்கி மூடிய ஒரு சரிவின் தடமும்தான் பல இடங்களில் மிச்சம்.

இந்த மேடுகளோடு சேர்ந்து வேறொன்றும் காணாமல் போனது. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

*

பனிச்சரிவில் நூறு பேர் இறங்கினால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைக்க வளைந்து திரும்புகிறார்கள். திரும்பும் இடத்தில் பலகையின் விளிம்பு பனியைச் சுரண்டுகிறது. சுரண்டிய பனி சற்றுக் கீழே போய்க் குவிகிறது. அடுத்து வருபவர் அந்தக் குவியலைச் சுற்றித் திரும்புகிறார், பள்ளம் இன்னும் ஆழமாகிறது. சாயங்காலத்துக்குள் சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்கு மேடுகள், வரிசை வரிசையாக. யாரும் திட்டம் போடவில்லை, ஆனாலும் ஏறக்குறைய ஒழுங்கான ஒரு கட்டம் உருவாகிவிடுகிறது.

இதற்கு மோகுல் என்று பெயர். முகலாயரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லும் இதுவும் எழுத்தில் ஒன்றேதான், ஆனால் உறவில்லை. ஆஸ்திரிய, பவேரிய வட்டார வழக்கில் சிறு குன்றுக்குச் சொல்லும் ‘மூகெல்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்த மேடுகள் நகரவும் செய்யும். கீழ்நோக்கி இல்லை, மேல்நோக்கி! டேவிட் பார் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் கொலராடோவின் மேரி ஜேன் மலையில் இதைப் படமெடுத்துக் கணக்கிட்டு, 2009-இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 8 சென்டிமீட்டர், ஒரு பருவத்தில் சுமார் 10 மீட்டர். காரணம் எளிது. இறங்குபவர் ஒரு மேட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டி, அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் பனியைச் சேர்க்கிறார். ஒவ்வொரு மேடும் கீழே தேய்ந்து மேலே வளர்கிறது. மனிதர்களும் பனியும் கீழே இறங்க இறங்க, மேடுகள் மட்டும் மெல்ல மலை ஏறிக்கொண்டிருக்கின்றன.

மோகுல் சரிவு என்பது அன்றைக்கு அங்கே சறுக்கிய எல்லோரும் சேர்ந்து செய்த பொருள். முன்பின் தெரியாதவர்களின் திருப்பங்கள் எல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. நன்றாகச் சறுக்குபவர்கள் போன சரிவில் மேடுகள் உருண்டையாக, சீராக இருக்கும். தடுமாறுபவர்கள் போன சரிவில் கோணல்மாணலாக இருக்கும். இறங்கும்போது உங்களுக்கு முன்னால் போனவர்களின் கால்களைத்தான் வாசித்துக்கொண்டே போகிறீர்கள்.

*

இதை அழிக்கும் யோசனையும் இதே காலத்தில்தான் பிறந்தது. கொலராடோவின் விண்டர் பார்க் மலையை 1950 முதல் முப்பது ஆண்டுகள் நிர்வகித்தவர் ஸ்டீவ் பிராட்லி. பனியைச் சீவும் தகடும் உருளையும் சேர்ந்த ஒரு கருவியை அவர் வடிவமைத்தார். அதற்கு எஞ்சின் கிடையாது. ஒருவர் சறுக்குப் பலகையில் முன்னால் இறங்குவார், பாரமான அந்தக் கருவி அவர் முதுகுக்குப் பின்னால் உருண்டு வரும். விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது. பிறகு சங்கிலிப் பட்டை போட்ட வண்டிகள் வந்தன. 1969-இல் ஜெர்மனியின் கேஸ்போரர் நிறுவனம் பிஸ்டன்புல்லியைக் கொண்டுவந்தது. இன்று இரவெல்லாம் இந்த வண்டிகள் ஓடுகின்றன. காலையில் சரிவு முழுவதும் கார்ட்ராய் துணிபோல மெல்லிய வரிகளோடு, சமமாக விரிந்து கிடக்கிறது. முந்தைய நாள் இறங்கியவர்களின் தடம் ஒன்றுகூட மிஞ்சாது.

பனியே இல்லாத இடத்தில் பனி செய்யும் வேலையும் அப்போதுதான் தொடங்கியது. கனெக்டிகட்டில் மோஹாக் மலையை நடத்திய வால்ட் ஷோனெக்ட் என்பவர், பனி பொய்த்துப்போன ஒரு குளிர்காலத்தில் லாரி லாரியாக ஐஸ்கட்டி வரவழைத்து, நொறுக்கிச் சரிவில் கொட்டினார். 1950-இல் அதே மாநிலத்தில் டே நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சிப் பனியாக்கும் கருவியைச் செய்தார்கள்.

இவை எல்லாமே நல்ல கண்டுபிடிப்புகள். புதிதாகக் கற்பவருக்கும், முட்டி தேய்ந்தவருக்கும், பயந்த சுபாவம் உள்ளவருக்கும் மலையைத் திறந்துவிட்டது சமன்செய்த சரிவுதான். இதை மறுத்துவிட்டு மேடுகளின் பெருமை பேசினால் அது வெறும் வீம்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வண்டி, டீசல், குழாய், பம்பு, இரவு வேலைக்கு ஆள். மாடல் டி எஞ்சினோடு தொடங்கிய விவசாயியால் இந்தப் போட்டியில் நிற்க முடியுமா?

அதோடு ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. 1974-இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலையில், கற்பவர்களுக்கான பாதையில் சறுக்கிய 21 வயது இளைஞர் பனிக்கடியில் மறைந்திருந்த புதரில் சிக்கி விழுந்தார். கையும் காலும் செயலிழந்தன. 1977-இல் ஜூரி அவருக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சரிவுகளைப் பராமரிக்கும் கலை இவ்வளவு முன்னேறிவிட்ட பிறகு, இப்படிப்பட்ட புதரை விளையாட்டின் இயல்பான ஆபத்து என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சாரம்.

அந்த இளைஞருக்கு நியாயம் கிடைத்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவு அந்த மலையோடு நிற்கவில்லை. சமமான சரிவு என்பது அதுவரை ஒரு வசதி. இப்போது அது கிட்டத்தட்ட கடமையானது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. வெர்மான்ட் சட்டமன்றம் அதே 1978-இல் இயல்பான ஆபத்துகளைச் சறுக்குபவரே ஏற்க வேண்டும் என்று அவசரமாகச் சட்டம் இயற்றியும், பழைய நிலை திரும்பவில்லை. கூடவே 1973-இன் எண்ணெய் நெருக்கடி, பனி குறைந்த குளிர்காலங்கள், பெரிய மலைகளுக்கு நேரே கொண்டுபோய்விடும் நெடுஞ்சாலைகள், மேய்ச்சல் நிலத்துக்கு வீட்டுமனை விலை. சின்ன மேடுகள் ஒவ்வொன்றாக மூடின. 1982-83-இல் அமெரிக்காவில் 735 சறுக்குத்தலங்கள் இருந்தன, இன்று 500-க்கும் குறைவு. ஆனால் சறுக்க வருபவர்கள் குறையவில்லை. 2022-23 பருவத்தின் மொத்த வருகை சுமார் 6.5 கோடி, அதுவே சாதனை. கூட்டம் அதேதான், கூடும் இடம்தான் மாறியிருக்கிறது. பெரிய மலைகள் சிலவற்றில் ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது.

*

சின்ன மேட்டுக்கும் மோகுலுக்கும் என்ன சம்பந்தம்?

மினசோட்டாவில் பக் ஹில் என்று ஒன்று இருக்கிறது. அடியிலிருந்து உச்சிக்கு 100 மீட்டர்கூட இல்லை. சமன்செய்த சரிவில் நேராக விட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் உயரம். வெர்மான்ட்டின் ரிச்மண்டில் மிக்கி, ஜின்னி காக்ரன் தம்பதி 1961-இல் ஒரு பண்ணையை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கயிற்று இழுவை கட்டினார்கள். அதுவும் சின்ன மேடுதான். ஆனால் பக் ஹில்லில் பயிற்சி எடுத்த லிண்ட்சி வான் ஒலிம்பிக் தங்கம் வென்றார். காக்ரன் வீட்டுப் பெண் பார்பரா ஆன் 1972 சப்போரோவில் தங்கம் வென்றார், அவருடைய தங்கை மகன் ரயன் 2022 பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார். சின்ன மேட்டின் ரகசியம் உயரம் இல்லை, எண்ணிக்கை. ஒரு மாலையில் எத்தனையோ தடவை ஏறி இறங்கலாம்.

இவர்கள் எல்லாம் பந்தய வீரர்கள், மோகுல் ஆட்டக்காரர்கள் இல்லை. ஆனால் குட்டையான மலையை நீளமாக்க மோகுலைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. அரை நிமிடத்தில் முடியும் சரிவில் நாற்பது மேடுகள் இருந்தால் அது நாற்பது முடிவுகள். எங்கே திரும்புவது, எப்போது முட்டியை மடக்குவது, அடுத்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது? வேகமும் தானாகக் குறைகிறது. வழவழப்பான சரிவு கற்றுக்குட்டிக்குக்கூடத் தகுதிக்கு மீறிய வேகத்தைக் கொடுத்துவிடும். மோகுல் கொடுக்காது. செலவு? இரவில் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டாமல் இருந்தால் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. பனி போதாத வருடத்தில் பள்ளங்கள் சீக்கிரமே மண்ணைத் தொட்டுவிடும், இருக்கும் பனியைப் பரப்பிக் காப்பாற்ற வண்டிதான் வர வேண்டும். குளிர்காலம் சுருங்கிவரும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. அதனால் மலை முழுவதையும் கரடாக விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு சரிவின் ஒரு பாதியை விடலாமே. பாதியைச் சமன்செய்து மறுபாதியை மேடுகளுக்கு விடும் வழக்கம் பல மலைகளில் இருக்கவே இருக்கிறது. பக்கத்திலேயே சமமான பாதை இருப்பதால் பயப்படுபவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், துணிந்தவர் மறுபடி உள்ளே நுழையலாம்.

மோகுலை அழிக்க முனைந்த விண்டர் பார்க்கே இதை ஒருவிதத்தில் செய்தது. 1975-76 பருவத்தில் அது திறந்த புதிய பகுதிதான் மேரி ஜேன், மேடுகளுக்கென்றே பேர் போன மலை. மேடுகள் மேல்நோக்கி நகர்வதை ஆய்வாளர்கள் அளந்ததும் அங்கேதான். 1992-இல் மோகுல் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது, பெண்களில் முதல் தங்கம் நியூ ஜெர்சியின் டோனா வைன்பிரெக்டுக்கு. ஆனால் ஒலிம்பிக் சரிவின் மேடுகளை முன்கூட்டியே கட்டித் தயார் செய்கிறார்கள். யாரோ நூறு பேர் தெரியாமல் செய்த மேடு வேறு.

அந்த வேறொன்றைக் காப்பாற்றியவர்களும் உண்டு. வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் 1948-இல் திறக்கப்பட்டது. செயற்கைப் பனி மிகக் குறைவு, சமன்செய்வதும் குறைவு. உரிமையாளர் பெட்ஸி பிராட் 1995-இல் அதைப் பெருநிறுவனத்துக்கு விற்காமல், அங்கே சறுக்குபவர்களே பங்கு வாங்கி உருவாக்கிய கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுத்தார். ஒருவர் மட்டும் உட்காரும் பழைய நாற்காலி லிஃப்டை மாற்றும் நேரம் வந்தபோது, உறுப்பினர்கள் பெரிய லிஃப்ட் போடாமல் அதையே 2007-இல் புதுப்பித்துக்கொண்டார்கள். ஒரு மணிக்கு எத்தனை பேர் ஏற முடிகிறதோ அத்தனை பேர்தான் சரிவில் இருப்பார்கள். ஸ்னோபோர்டு பலகைகளை அங்கே இன்றும் அனுமதிப்பதில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு ஒப்பில்லை. எல்லோரும் சேர்ந்து செய்கிற சரிவு என்றால் அவர்களும் அதில் சேர்த்திதான்.

ஆனால் அந்தச் சங்கம் ஒன்றை நிரூபித்திருக்கிறது. மலையை யார் வைத்திருக்கிறார்கள் என்பதும் அது எப்படி இருக்கும் என்பதும் ஒரே கேள்வி. காக்ரன் குடும்பமும் 1998-இல் தங்கள் மேட்டை லாப நோக்கமற்ற அமைப்பாக மாற்றியது. ஊர்ப் பிள்ளைகள் இன்றும் அங்கே வருகிறார்கள். மிஞ்சியிருக்கும் சின்ன மேடுகளை நடத்துபவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். டிக்கெட் கிழிப்பவர், எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர், சூப் காய்ச்சுபவர் எல்லோரும் அதே ஊர்க்காரர்கள். அவர்களிடம் புது வண்டி வாங்கப் பணம் இல்லாமல் இருக்கலாம். இடதுபக்கச் சரிவை இந்த வாரம் தொடாமல் விடுவோம் என்று முடிவெடுக்க அவர்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை பிள்ளைகள் வருவார்கள். சாயங்காலத்துக்குள் மேடுகள் வந்துவிடும்.