பாடும் ஏடும்

சென்னைக்கு வடக்கே, ஏரி நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து அமைந்துள்ளது பழவேற்காடு. அங்குள்ள மீனவர் நாவில் நாளும் புழங்கும் சொல் 'பாடு' என்பது. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடத்தை அச்சொல் குறிக்கும். நடுக்குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊராரும் சீட்டுப் போட்டு, எவருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று வகுத்துக்கொள்ளும் பழைய ஒழுங்குக்குப் பாடு முறை என்று பெயர். வலியவரே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாதிருக்க முன்னோர் கண்ட வழி அது.

பாடு என்பதற்குத் துன்பம் என்னும் பொருளும் உண்டு. ஆண்டவர் பட்ட துன்பங்களைத் திருப்பாடுகள் என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வலை கட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வேண்டும் என்றால், பட்ட பாட்டைச் சொல்லவும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வேண்டுமல்லவா? அந்த முறை எவருக்கு வாய்த்தது, எவருக்கு வாய்க்கவில்லை என்பதைப் பழவேற்காட்டு வரலாற்றிலேயே காணலாம்.

போர்த்துகீசியருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அக்கோட்டை அழிந்துபோயினும் அவர்களுடைய கல்லறைகள் நிற்கின்றன. இறந்தவரின் பெயரையும் பெருமையையும் அழகிய எழுத்துகளில் அக்கற்கள் இன்றும் சொல்கின்றன. அதே 17-ஆம் நூற்றாண்டில், பஞ்சத்திலும் போரிலும் சிக்கி விலைபோன தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் இத்துறைமுகத்திலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். வணிகக் கணக்கேடுகளில் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே எஞ்சினர். தாயைப் பிரிந்த பிள்ளை என்ன நினைத்தது என்பதை எழுத எவருமில்லை.

அயலாரை மட்டும் குறைகூறி அமைதிகொள்ள இயலாது. நாம் போற்றும் பாடு முறையிலும் மரபுப்படி இடம் பெற்றோர் பட்டினவர் குலத்து ஆண்களே. வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், மீன் கூடை சுமக்கும் பெண்களுக்கும் அதில் பங்கில்லை. முறை வகுத்த இடத்திலும் முறையற்றோர் இருந்தனர்.

தன் பாட்டைத் தானே எழுதித் தேறுதல் பெறுவது திருச்சபைக்குப் புதிதன்று. 387-இல் தாய் மோனிக்கா இறந்தபோது தாம் அடக்கிவைத்த கண்ணீரையும் பின்னர்த் தனிமையில் அழுததையும், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் 'ஒப்புதல்கள்' நூலில் அகுஸ்தீனார் மறைக்காமல் எழுதினார். எனினும் அவர் கற்றறிந்தவர், ஆயர். முறை மறுக்கப்பட்ட ஒருவர் எழுதினால் என்ன நேரும் என்பதைக் காட்டியவர் நம் காலத்துப் பாமா.

விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1958-இல் தலித் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணியாற்றும் ஆவலோடு துறவற இல்லம் புகுந்தார். அங்கும் சாதி நிழல் தொடர்வதைக் கண்டு, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறினார். வேலையும் பிடிப்பும் இன்றி நின்ற அந்நாள்களில் தம் வாழ்வை எழுதத் தொடங்கினார். அவ்வெழுத்தே 1992-இல் 'கருக்கு' என்னும் நூலாயிற்று. தம் உள்காயங்களை ஆற்றிக்கொள்ள அது வழியாயிற்று எனப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். நூலைக் கண்டு ஊரார் முதலில் சினந்தனர். சில மாதங்கள் அவர் ஊருக்குள் செல்ல இயலவில்லை. பின்னர் அவர்களும் அதில் தங்கள் கதையைக் கண்டனர். 2000-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, அந்நூல் உலகெங்கும் சென்றது.

கருக்கு என்பது பனை மட்டையின் ஓரத்து அரம் போன்ற பல். கையைக் கிழிப்பது அது. நம் முன்னோர் எழுதிய ஏடோ அதே பனையின் ஓலை. பழவேற்காட்டுப் பெண்கள் பெட்டி முடைவதும் அவ்வோலையைக் கொண்டே. கிழித்த மரமே எழுதவும் முடையவும் இடம் தருகிறது.

அறிவியலும் இதை ஆராய்ந்துள்ளது. 1986-இல் அமெரிக்க உளவியலார் ஜேம்ஸ் பென்னபேக்கர், மாணவர் சிலரை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள்கள் தங்கள் பெருந்துயரைப் பற்றி எழுதச் செய்தார். எழுதியவுடன் அவர்கள் மனம் கனத்தது. ஆயினும் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது மற்றவரினும் குறைந்தது. பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. எழுத்து எல்லா நோய்க்கும் மருந்தாகாது. புண் பச்சையாக இருக்கையில் எவரையும் எழுத வற்புறுத்தலும் தகாது. எழுதியதைப் பிறர் படிக்கவேண்டும் என்பதும் இல்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சாதியும் வறுமையும் இழைத்த காயத்தை எழுத்து மட்டும் ஆற்றாது. அதற்கு நீதி வேண்டும். ஆனால் தனக்கு நேர்ந்தது இன்னதென்று தன் சொல்லில் உரைத்தவரே, நீதியை நிமிர்ந்து கேட்க வல்லவராகிறார். கருக்கின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கண்ட குப்பங்களில், அன்றைய இழப்பை இன்னும் எவரிடமும் சொல்லாத நெஞ்சங்கள் உண்டு. நம் பங்குகளில் மாதம் ஒரு மாலை, ஒரு பாயும் சில குறிப்பேடுகளும் போதும். எழுதத் தெரிந்த பேத்தி, பாட்டி சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொடுக்கட்டும். ஒல்லாந்தரின் கல்லைப் படித்துவிட்டோம். இனி மீன் கூடை சுமந்தவளின் முறை.